தப்புக்காரன்கிட்ட கேக்கக்கூடாத கேள்வி

பேராண்டி, காதுல மாட்டியிருக்கிறதக் கொஞ்சம் கழட்டு. வெரல எதுக்கு மடக்கி மடக்கி நீட்டுற? அட்டன் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணுறியா? இல்லயாம். புள்ள பாட்டுக் கேக்குதாம்! மெத் ரொக்காம். கணக்குப் பாட்டு. சாதாரணதரத்துக்கு டியூஷன் போட்டும் கணக்குன்னா கொட்டாவி விட்ட பயலுக்கு, பாட்டுல மட்டும் கணக்கு இனிக்குது. என்னா காலம்டா!

சரி, ஒனக்காக நானும் கேட்டேன். ஸ்லின்ட்டுனு ஒரு கூட்டம். அமெரிக்காவுல லூயிவில் ஊரு. 1991ல 'ஸ்பைடர்லேண்ட்'னு ஒரு தட்டு போட்டிருக்கானுக. மொத்தமே ஆறு பாட்டு. அட்டையில நாலு பயலுக கல்லுக்குழித் தண்ணியில கழுத்து வரைக்கும் முங்கிக்கிட்டு நிக்கிறானுக. நம்ம காசல்ரீ டேம்ல அப்புடி நின்னா, ஆத்தா வெளக்குமாத்தோட வந்து நிப்பா. தட்டு வெளிய வர்றதுக்குள்ள கூட்டமே கலஞ்சி போச்சாம். அப்ப அதிகம் பேரு சீந்தல. பெறகுதான் 'ஆகா, இதுதான் ஆதி'னு கொண்டாட்டம்.

ரெண்டாவது பாட்டு 'நொஸ்பெராட்டு மேன்'. அஞ்சஞ்சா எண்ணி ஓடுது, நடுவுல ஆறுக்குத் தாவுது. தலையாட்டலாம்னு பாத்தா தல ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். பாடுறவன் பாடவும் இல்ல, கத பேசுறான். "பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?"னு கேட்டேன். நீ என்னயப் பாத்த பாரு ஒரு பார்வை! தொரை பங்களா நாயி லயத்து நாயப் பாக்குற மாதிரி.

"தாத்தா, ஒங்களுக்கு இது வெளங்காது, இது ஒத்தப்படைத் தாளம்"ங்கிற. அட கூமுட்ட! அஞ்சும் ஏழும் என்னா, லூயிவில்லுல வெளஞ்சதா? கண்ட சாபு அஞ்சு, மிஸ்ர சாபு ஏழு. ஏழ மூணும் நாலுமாப் பிரிச்சி வாசிச்சி முடிச்சிட்டு, மிருதங்கக்காரரு பேசாம வெத்தலயப் போட்டுக்கிட்டுப் போயிருவாரு. அருணகிரிநாதரு பதினஞ்சாம் நூற்றாண்டு ஆளு. நம்ம கதிர்காமத்து முருகனுக்கும் திருப்புகழ் பாடுனவரு. அவரு சந்தத்துல இல்லாத வளைவா? கார்த்திகைக்குக் கோயில்ல கெழவி ஒருத்தி அத மனப்பாடமாப் பாடுறா. 'இது பரிசோதன முயற்சி'னு பீத்திக்கிறாளா? மூச்சு வாங்குற எடத்துல வாங்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கா.

தப்புக்காரனப் பாரு. தோல நெருப்புல காட்டி முறுக்கேத்துவான். சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி. மேமலையில கொழுந்து எடுக்குறவளுக்கு, கீழ லயத்துல அடிக்கிறது காதுல விழுந்ததும் சாவா சாமியானு தெரிஞ்சிரும். அவளுக்கு யாரு தாளம் சொல்லிக் குடுத்தா? மாசியில காமன் கூத்துக்குக் கம்பம் ஊண்டி விடியவிடிய அடிக்கையில, ரதி அழுகுற எடத்துல பனியில நிக்கிறவனுக்குக் குளிரே மறந்திரும். இத்தன வருசமா நீ அத 'டங்கு டங்குனு ஒரே சத்தம்'ன. டீசேட்டுல வெளிநாட்டுப் பேரு வந்ததும் ஏழு எண்ணுறியாக்கும்! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

கணக்குனா என்னானு நாங்க பாக்காததா? ஒரு காலத்துல கொழுந்து நிறுக்கையில, கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுனு கழிப்பாங்க. பதினெட்டுக் கிலோ பதினஞ்சாகும். முழுப்பேரு அரைப்பேராகும், முழுநாள் கூலி பாதியாகும். எந்தத் தோட்டம்னு கேக்காத. அதுதான்டா அசல் பரிசோதனக் கணக்கு! தாளம் தப்பாம எங்க தலையில அடிச்சாங்க. அத ஒருத்தனும் தட்டாப் போடல.

ஆனா பொய் சொல்லப்படாது. அந்தத் தட்டுல கடைசிப் பாட்டு, 'குட் மோர்னிங், கெப்டன்'. கப்பல் ஒடஞ்சி கரையேறுன ஒருத்தன் கத. மெதுவாப் பேசிக்கிட்டே வந்தவன், முடிவுல அடித்தொண்டையில கத்துறான். எனக்குப் புல்லரிச்சிருச்சி. இங்கிலீசு பாதி வெளங்கல, வலி வெளங்குச்சி. பயலுக கெட்டிக்காரனுகதான், அவனுகள நான் ஒண்ணும் சொல்லல. நீ என்னா பண்ணுன? "தாத்தா, இந்த எடத்துல எத்தன அடி தெரியுமா?"னு போனத் தட்டிக்கிட்டு இருந்த. கப்பல் முங்குனதே ஒனக்குத் தெரியாது.

வர்ற மாசிக்குக் கூத்துப் பாக்க வா. ஓரமா ஒக்காரு, கேளு. தப்புக்காரன்கிட்ட மட்டும் "அண்ணே, இது என்னா டைம் சிக்னேச்சர்?"னு கேட்டு வைக்காத. அவன் கையில ரெண்டு குச்சி இருக்கு. ஒண்ணு ஒனக்குத்தான்.