ஓட வைத்தமைக்கு நன்றி

பெறுநர்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், போக்குவரத்துக் கழகம்.

பொருள்: கட்டணமில்லா உடற்பயிற்சி வழங்கி வருதல் – நன்றி தெரிவித்தல் – விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். நாளெல்லாம் பார்டர் காட்டிப் பிழைப்பவளுக்குப் போன மாதம் டாக்டர் வேறொரு பார்டரைக் காட்டினார். “சுகர் பார்டர்ல இருக்கும்மா, உடம்பை அசைங்க.” காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறேனே என்றேன். நிற்பது கணக்கில் வராதாம். (கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்தது. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. அதில் பட்டுச்சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.)

ஜிம்மில் விசாரித்தேன். மாதம் 1,500 ரூபாய். “2025 செப்டம்பர்லேயே ஜிஎஸ்டி 18லேர்ந்து 5 சதவீதமாயிடுச்சுக்கா, இன்னும் யோசிக்கிறீங்களே” என்று அந்தத் தம்பி அவசரப்படுத்தினான். என் சம்பளத்தில் வீட்டு வாடகை போக மிஞ்சுவதை அவனிடம் சொல்லவில்லை. பாவம், சின்னப் பையன்.

வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமான 2021 மே மாதத்திலிருந்து நான் ஒரு ஜிம்மில்தான் இருக்கிறேன். கட்டணமும் கிடையாது, வரியும் கிடையாது.

நிறுத்தத்தில் பெண்களாக நின்றால் போதும், ஓட்டுநர் அண்ணன் எங்களைத் தாண்டிப் போய் நூறடி தள்ளித்தான் நிறுத்துகிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் கொசுவம். ஓடுகிறோம். கிட்டே போனதும் பஸ் மெல்ல நகர்கிறது. மூச்சு வாங்க விடக்கூடாது என்ற அக்கறைதான். அப்புறம் முழங்கால் உயரப் படி. ஏறினால் கம்பி. உங்கள் பிரேக்கின் புண்ணியத்தில் தோள், இடுப்பு, தொடை என்று ஒன்றுவிடாமல் இழுபடுகிறது.

டாக்டர் ஒரு கதை சொன்னார். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் கட்டுரை வெளியிட்டாராம். மாடி பஸ்ஸில் படியேறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு இதயநோய் அதிகமாம். அவர் நம்மூருக்கு வந்திருந்தால் குழம்பியிருப்பார். இங்கே கண்டக்டரும் உட்கார்ந்தேதான் இருக்கிறார். “ஓசி எத்தனை?” என்று கேட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அது கை மாறிக் கை மாறி முன்னால் வரும். அசைவதெல்லாம் பயணிகள்தான்.

ஒரு குறை மட்டும் உண்டு. வேகமான பயிற்சியென்றால் வாரம் 75 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக வர இரண்டு ஓட்டம், ஓட்டத்துக்கு அரை நிமிடம், வாரம் ஆறு நாள். கூட்டிப் பார்த்தால் ஆறே நிமிடம்தான் தேறுகிறது. எனவே நூறடியை அரைக் கிலோமீட்டராக உயர்த்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

பூ விற்கும் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர், தலையில் கூடை. ஓட்டத்தில் அவர் தேறுவதே இல்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் போகிறார். அது ஒன்றரை முழம் பூவின் காசு. அவருக்குத் தனிப் பயிற்சி ஏதும் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பயணி (நின்றபடி).

பின்குறிப்பு: நேற்று ஒரு புது ஓட்டுநர் வந்தார். நாங்கள் பழக்கப்படி நூறடி முன்னாலேயே போய்த் தயாராக நின்றோம். மனிதர் நிறுத்தத்திலேயே பஸ்ஸை நிறுத்தினார். பூக்கார அக்கா மட்டும் நிதானமாக ஏறினார். எங்களைக் கடந்து போகையில் ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.