அலுமினியம் வாங்கப் போறியா கண்ணு?

வண்டி சூடாகுதுன்னு அலுமினிய ரேடியேட்டர் மாட்டப் போறியாமே, ஊரே பேசுது. நல்ல காரியம், மாட்டு. சங்ககிரியில லாரி வச்சிருக்கறவன் வருசத்துக்கு ஒருக்காவாவது எதையாவது புதுசா வாங்கி மாட்டலைன்னா ஸ்பேர் கடைக்காரன் புள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பான்? தர்மம் தலைகாக்கும் சாமி.

பெரியப்பன் சொல்றதையும் கொஞ்சம் காதுல போட்டுக்க. தொப்பூர் ஏத்தத்துல சூட்டு மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுச்சு. நீ என்ன பண்ணினே? ஓரங்கட்டினே, செல்போனை எடுத்தே, ரேடியேட்டர் விலை பாத்தே. கிரில்லைத் திறந்து பாத்தியா? அதுக்கு இறங்கோணுமே, சட்டை அழுக்காயிருமே!

அதனால நேத்து பொழுது சாயற நேரத்துல நானே போய்ப் பாத்தேன். கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏத்தி ஏத்தி, சருகும் தூசியும் ஃபின்ஸ் சந்துல அடைச்சுக் கெடக்குது. விரல்ல சொரண்டினா அடையடையா வருது, நடுவுல செத்த ஈசல் வேற. காத்து எந்த வழியாப் போகும்? உங்கிட்டப் பர்மிட் வாங்கிட்டா போகும்? ஃபேன் பெல்டை அமுக்கினா தளதளன்னு ஆடுது. ஃபேனைச் சுத்தியிருக்கற ஷ்ரவுடு பாதி ஒடஞ்சு போச்சு. அது அழகுக்கு வச்சதில்லை கண்ணு. ஃபேன் இழுக்கற காத்து ரேடியேட்டர் வழியா வராம பக்கவாட்டுல புகுந்து வந்துடக்கூடாதுன்னு வச்சது. ஏத்தத்துல ரெண்டாம் கியர்ல ஊர்ந்து போறப்ப எதிர்காத்து ஏது? ஃபேன் ஒண்ணுதான் கதி. அதையும் நொண்டியாக்கி வச்சிருக்கே.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. ரப்பர் வாசர் வெடிச்சுப்போய்க் கெடக்குது. 'மூடிதானே'ங்கறியா? வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தத்தைப் புடிச்சு வச்சா 120 வரைக்கும் கொதிக்காம நிக்கும். அந்த 20 டிகிரிதான் உன்னை மேட்டுல ஏத்தி விடறது. அதைச் சில நூறு ரூபா மூடிக்குள்ள வச்சிருக்கான். நீ அதை விட்டுட்டு ஆயிரக்கணக்குல வெளியே தேடறே. பெரிய மனசு உனக்கு. சூட்டோட அந்த மூடியைத் திருகிப் பாக்கற வீரம் மட்டும் வேண்டாம். மூஞ்சி வெந்து போனா கல்யாணத்துக்குப் பொண்ணு தேடறது என் தலையிலதான் விழும்.

தெர்மோஸ்டாட்டைத் தேடினேன், காணோம். 'அது இல்லாட்டி வண்டி குளுகுளுன்னு ஓடும்'னு எந்த மேதாவியோ கழட்டி வீசியிருக்கான். நிறைய டீசல் இன்ஜின்ல சூடேறினதும் பைபாஸ் வழியை அடைக்கறதே அந்தத் தெர்மோஸ்டாட்தான். அது போச்சுன்னா கொதிக்கற தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்கே திரும்பிரும். சமதரையில சூடே ஏறாம டீசலைக் குடிக்கும், ஏத்தத்துல கொதிக்கும். ஒரே செலவுல ரெண்டு நட்டம்.

'செம்பைவிட அலுமினியம் சூட்டை நல்லா இழுக்கும்'னு கடைக்காரன் சொன்னானா? கெட்டிக்காரன். கண்ணு, சூடு கடத்தறதுல அலுமினியத்தைவிடச் செம்பு ஒன்றரை மடங்குக்கு மேல. அப்புறம் எப்படி அலுமினியம் ஈடு கொடுக்குதுங்கறியா? செம்பு கனத்துல மூணுல ஒரு பங்குகூட அது இல்லை. அதனால குழாயை அகலமாப் போட்டு ஃபின்ஸுக்கு ஒட்டற இடத்தை அதிகமாக்கலாம். குழாய்க்கும் ஃபின்ஸுக்கும் நடுவுல சூட்டைத் தடுக்கற ஈயப்பத்தும் கிடையாது. ஆக, அவன் சொன்ன பலன் பொய்யில்லை, சொன்ன காரணம்தான் பொய். பளபளப்பைப் பாக்காம குழாய் அகலம், கோர் கனம், ஹோஸ் வாய் அளவு, மவுண்டிங் இடம் இதெல்லாம் பழசோட பொருந்துதான்னு டேப் வச்சு அளந்து பாரு. கோர் ரொம்பக் கனமா, ஃபின்ஸ் ரொம்ப நெருக்கமா இருந்தா உன் நொண்டி ஃபேனுக்கு அதுவும் பாரம்தான்.

சரி, வாங்கிட்டேன்னே வச்சுக்க. அலுமினியம் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. உபசாரத்துல ஒரு குறை இருந்தாலும் முறுக்கிக்குவார். முதல்ல தண்ணி. நம்ம போர்த்தண்ணியைச் சட்டியில காய்ச்சினா வெள்ளை வெள்ளையாப் படியுது பாரு, அது மாப்பிள்ளைக்கு ஆகாது. அதுல இருக்கற உப்பு அலுமினியத்தைப் பொத்துப் பொத்தாத் தின்னுரும். பேட்டரித் தண்ணியும் கூலண்டும் பாதிக்குப் பாதி. பச்சையும் சிவப்பும் இருக்குன்னு ரெண்டையும் கலந்து ஊத்திராதே. நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை, வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கற வகையைப் பாரு. ஒழுகுனா மஞ்சத்தூள் போடற வைத்தியமும் வேண்டாம். ஓட்டை அடையுதோ இல்லையோ, குழாய் அடையும். மஞ்சத்தூளைக் கொழம்புக்கு வை.

அடுத்தது ஆசனம். ரப்பர் புஷ் இல்லாம இறுக்கி முடுக்கினா, சேஸிஸ் முறுக்கற முறுக்குல டேங்க் மூலை வெல்டிங் விட்டுரும். கடைசியா கரண்ட். நீ மாட்டியிருக்கற ஏர்ஹாரன், சீரியல் லைட்டு, திருஷ்டி பொம்மை கண்ணுக்குள்ள எரியற பல்பு, இதுக்கெல்லாம் எர்த் எங்கே குடுத்திருக்கே? ரேடியேட்டர் ஸ்டாண்டுலயா? பேஷ். அந்தக் கரண்ட் கூலண்ட் வழியா ஓடி அலுமினியத்தை அரிச்சுரும். லைட்டு ஹாரனையெல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வை, மறு முனையை ஆறின கூலண்ட்ல, ரேடியேட்டரைத் தொடாம, முக்கிப் பாரு. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீசியனைக் கூப்பிடு, ஜோசியரைக் கூப்பிடாதே.

செம்பு இத்தனை வருசம் உன் அசட்டையை எல்லாம் பொறுத்துக்கிச்சு. அடைச்சா டேங்கைக் கழட்டி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வச்சுப் பத்த வைக்க எந்த ஊர்லயும் ஒரு ரேடியேட்டர் கடை இருந்துச்சு. அலுமினியம் ஒழுகுனா ஆர்கான் வெல்டிங் வேணும். நாக்பூர் தாண்டி நடுக்காட்டுல நின்னுக்கிட்டு ஆர்கான் தேடு, பாக்கலாம்.

அதனால நாளைக்குக் காலையில உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமா, மெதுவான தண்ணியில ஃபின்ஸைக் கழுவு. பெல்ட், ஷ்ரவுடு, மூடி, தெர்மோஸ்டாட் நாலையும் சரி பண்ணு. லோடோட தொப்பூர் ஏறிப் பாரு. அப்பவும் முள்ளு ஏறினா வாட்டர் பம்பையும் ஹெட் கேஸ்கெட்டையும் பாத்துட்டு வா, நானே உங்கூட வந்து அலுமினியம் வாங்கித் தர்றேன்.

அப்படி வாங்கறப்ப, 'பழைய பாரத்தை நாங்களே சும்மா கழட்டி எடுத்துக்கறோம்'னு கடைக்காரன் சொன்னானாமே, அந்தப் புண்ணியவான்கிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு, பழசை நேரா எடைக்கடைக்குத் தூக்கிட்டுப் போ. அத்தனையும் செம்பும் பித்தளையும். கண் முன்னாடி எடை போடச் சொல்லு. வர்ற காசுல கூலண்ட் வாங்கு. மிச்சம் இருந்தா பெரியப்பனுக்கு யோசனைக் கூலி குடு. கடைக்காரன் எனக்குப் பேசின கமிசனைவிட அது கம்மியா மட்டும் இருக்கக்கூடாது, சொல்லிப்புட்டேன்.