நம்ம ஏரியா இல்லையாம்!

நேற்று காலை 9 மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. 9.15க்கும் போகவில்லை. 10 மணிக்கு என் மனைவி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கரண்ட் போகாத குற்றத்துக்காகச் சொந்த வீட்டில் தலைகுனிந்து நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முந்தாநாள் சாயங்காலம் இஸ்திரி வண்டி பக்கத்தில் எதிர்வீட்டு சார்தான் சொன்னார். "நாளைக்கு ஷட்டவுன் சார். ஒம்போதுலேர்ந்து ரெண்டு வரைக்கும். இப்பவே எல்லாத்தையும் ரெடி பண்ணிக்குங்க." இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருடைய பெட்டிக்குக் கரண்டே வேண்டாம். ஆனாலும் சார் சொல்கிற தோரணை அப்படி.

ரெடி பண்ணினோம். மொட்டை மாடித் தொட்டி வழிந்து சன்ஷேடில் அருவி கொட்டும் வரை மோட்டார் ஓடியது. வீட்டில் இருந்த செல்போன் எல்லாம் சார்ஜ் ஏறின, ரிப்பேரான பழைய போன் உட்பட. ராத்திரி 10 மணிக்குமேல் 2 கிலோ அரிசி, அரைக் கிலோ உளுந்து, கிரைண்டரில் ரெண்டு ஈடு. முடியும்போது மணி பன்னிரண்டரை. ஃப்ரீசரில் இருந்த ஐஸ்கிரீம் உருகி வீணாகிவிடுமே என்று அதையும் நான் ஒருவனாகவே தீர்த்துவைத்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு யார்மேலும் வருத்தம் இல்லை.

பத்தரை மணிக்கு சார் கேட்டில் வந்து நின்றார். "அது நம்ம ஏரியா இல்லையாம் சார். போரூர் பக்கம் ஏதோ பிள்ளையார் கோயில் தெருவாம்."

எங்கள் தெருவும் பிள்ளையார் கோயில் தெரு. மடிப்பாக்கம். சென்னையில் பிள்ளையார் கோயில் தெரு இல்லாத பேட்டை ஒன்று உண்டா? காந்தி தெரு, நேரு தெரு, பாரதியார் தெரு, பிள்ளையார் கோயில் தெரு இந்த நான்கையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நகரையும் ஆரம்பிக்கிறார்கள். ஷட்டவுன் அறிவிப்பில் ஒரு தெருப் பெயரைப் பார்த்ததும் நம்முடையதுதான் என்று கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா? மேலே ஒரு வரி ஏறிப் படித்திருந்தால் போரூர் என்று இருந்திருக்கும். அந்த ஒரு வரியில் என் ரெண்டு ஈடு தப்பித்திருக்கும்.

என் கோபம் அந்த 'ஆம்' மேல்தான். இல்லையாம், தெருவாம். தமிழில் பொறுப்பைக் கைகழுவ சோப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இந்த ஒரு விகுதி போதும். "நாளைக்குக் கரண்ட் கட்" என்று சொன்னால் சொன்னவன் மாட்டிக்கொள்வான். "கட்டாம்" என்றால் யாரைப் பிடிப்பது? முந்தாநாள் அவர் 'ஆம்' போடாமல் நேராகத்தான் சொன்னார் என்பது வேறு விஷயம். கோர்ட்டில் கேட்டால் போட்டேனாம் என்பார்.

'ஆம்' நேற்று முளைத்ததில்லை. 1995 செப்டம்பர் 21ஆம் தேதி, பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "பிள்ளையார் பால் குடிக்கிறாராம்!" அன்றைக்கு எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டில்தான் போன் இருந்தது. இருந்தும் டெல்லியில் விடிகாலையில் குடிக்க ஆரம்பித்தவர் மத்தியானத்துக்குள் எங்கள் தெருமுனையிலும் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பூனோடு வரிசை. கல்லின்மேல் பால் எப்படி ஏறி வழிகிறது என்று விஞ்ஞானிகள் பரப்பு இழுவிசையைச் சொல்லி விளக்கம் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த விளைவு ஒன்றுதான்: அன்றைக்குச் சாயங்காலம் காபிக்குப் பால் இல்லை.

அப்புறம் பத்து ரூபாய் காயின். "செல்லாதாம்." யார் சொன்னது? "வாங்க மாட்டேங்கிறாங்களாம்." 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே, அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. அதை மளிகைக் கடையில் சொன்னேன். "அப்ப அவங்ககிட்டயே குடுத்து சாமான் வாங்கிக்குங்க சார்" என்றார் கடைக்காரர். என் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பத்து ரூபாய் காயின் இருக்கிறது. ரிசர்வ் வங்கிக்கும் எங்கள் தெருவுக்கும் என்றைக்கு ராசியாகிறதோ அன்றைக்கு நான் கொஞ்சம் வசதியானவன்.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியான தகவலே வருவதில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாடி வீட்டு அக்கா போன கோடையில் எனக்கு ஒன்று சொன்னார். மாவு சம்பந்தப்பட்டது. அந்த ஒன்றுக்காகவே அக்கம்பக்கம் என்ற ஏற்பாட்டை மன்னித்துவிடலாம். முடிப்பதற்குள் அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குமுன் இந்த பாட்டில் விவகாரம்.

உங்கள் கேட்டிலும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், உள்ளே உஜாலா நாலு சொட்டு, கழுத்தில் கட்டுக்கம்பி. எங்கள் தெருவில் இதைத் தொடங்கிவைத்தவர் கோடி வீட்டுக்காரர். கும்பகோணத்தில் இருக்கும் மச்சினர் வீட்டில் பார்த்துவிட்டு வந்தாராம். நீலத் தண்ணீரைக் கண்டால் நாய் கிட்டேயே வராதாம், காலைத் தூக்காதாம். ஞாயிற்றுக்கிழமை கட்டினார். புதன்கிழமைக்குள் இந்த வரிசையில் பதினொரு பாட்டில். வெள்ளிக்கிழமை எதிர் வரிசை. தெருவில் இருக்கும் நாய் ஒன்றே ஒன்று, மணி.

அப்புறம்தான் ஆராய்ச்சி ஆரம்பித்தது. நீலம் வெளிறி இருக்க வேண்டுமா, அடர்த்தியாக இருக்க வேண்டுமா? எதிர்வீட்டு சார் வெளிறல் கட்சி. நாய் அதில் தன் முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும், அடர்த்தியானால் முகம் தெரியாது என்பது அவர் வாதம். கோடி வீட்டுக்காரர் அடர்த்திக் கட்சி. நாயாவது முகம் பார்ப்பதாவது, அந்தக் கலர்தான் அதற்கு ஆகாது என்பது அவருடையது. தொங்கவிடுவதா, தரையில் வைப்பதா என்று ஒரு கிளைப் பிரச்சினை. காற்றில் ஆடினால்தான் பயம் வரும் என்றார்கள் தொங்கல்காரர்கள். காலைத் தூக்கும் உயரத்தில் இருந்தால்தான் பலன் என்றார்கள் தரைக்காரர்கள். மூன்றாவது வீட்டில் உஜாலா தீர்ந்துபோய்க் குங்குமத்தைக் கரைத்துத் தொங்கவிட்டார்கள். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது மணி இல்லை, நான்தான் பயந்தேன். வெயிலில் பதினைந்து நாளில் நீலம் வெளிறிவிடும், மாற்ற வேண்டும். "மாத்திட்டீங்களா?" என்று இஸ்திரி வண்டியில் விசாரிக்கும் அளவுக்கு அது ஒரு கடமையாகிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்துப் பார்த்தேன். நாய்க்குச் சிவப்பும் பச்சையும்தான் சரியாகப் பிரித்துத் தெரியாதாம். மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். ஆக, உலகத்தில் எத்தனையோ கலர் இருக்க, மணியின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியக்கூடிய ஒன்றைத் தேடிப்பிடித்து, கேட்டுக்குக் கேட்டு சீரியல் லைட் மாதிரி தொங்கவிட்டு, "இங்கேதான், வா" என்று நாங்களே இடம் காட்டிக்கொண்டிருக்கிறோம். மணியும் ஏமாற்றவில்லை. எங்கள் வீட்டு பாட்டிலை மோந்து பார்த்தது, ஒரு சுற்று சுற்றியது, பாட்டிலுக்கு நேர் கீழே காலைத் தூக்கியது. வேலை முடிந்ததும் அங்கேயே நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது.

இதை எதிர்வீட்டு சாரிடம் கண்ணால் காட்டினேன். மணியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "உங்க பாட்டில்ல நீலம் ஜாஸ்தி சார்" என்றார்.

ஒரு வருஷமாகிறது. ஒரு பாட்டிலும் இறங்கவில்லை. முதலில் இறக்குகிற வீட்டில்தான் மணி இனி நிரந்தரமாகக் குடியேறும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். வீட்டுக்கு அடையாளம் சொல்லக்கூட அது உதவுவதில்லை. சாப்பாடு கொண்டுவந்த பையனிடம் என் மனைவி "கேட்ல நீல பாட்டில் தொங்கும் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டாள். அவன் தெரு முனையிலிருந்து போன் பண்ணி, "எந்த நீல பாட்டில்கா?" என்று கேட்டான். சரி, பாட்டிலை விடுகிறேன். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் எங்கள் வீட்டு நீலம் ரொம்ப வெளிறி, பார்க்கவே ஏழ்மையாக இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குமேல், யாரும் பார்க்காத நேரத்தில், நாலு சொட்டு விட்டுக் குலுக்கியது நான்தான்.

மற்றதெல்லாம் சில்லறை. பல்லிக்கு முட்டை ஓடு, பல்லிக்கு மயிலிறகு. எங்கள் வீட்டில் பல்லி மயிலிறகின் பின்னால்தான் குடியிருக்கிறது. எதை வாங்கிக்கொண்டு வந்தாலும் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, நாம் சொன்ன விலையில் கால்வாசியைக் குறைத்து, "தி.நகர்ல இவ்வளவுக்குக் கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கட்டும். நீங்கள் போய் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டர்மேல் ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துப் பார், எதுவரை ஈரம் காயாமல் இருக்கிறதோ அதுவரை கேஸ் இருக்கிறது என்பது மட்டும் நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் நான் சொல்ல வந்த உபயோகமான தகவல் அது இல்லை.

மழைக்காலம் வந்தால் எதிர்வீட்டு சாருக்குப் பதவி உயர்வு. நவம்பரிலிருந்து தினமும் காலையில் செம்பரம்பாக்கம் நிலவரம். "இருபத்தியொண்ணரை அடியாம்." மொத்தம் 24 அடி. பேரன் உயரத்தைச் சுவரில் குறித்துவைப்பது போல அவர் அதை நாள் தவறாமல் சொல்வார். செம்பரம்பாக்கத்தைத் திறந்தால் தண்ணீர் அடையாற்றில்தான் போகும், நம்முடைய தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வழியில்லாமல் நம் வீட்டுக்குள் வருகிறது, அது வேறு இது வேறு என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. "ஆனா பாருங்க, இருபத்திரண்டு ஆயிடுச்சாம்."

இதில் நான் முழுதாகச் சிரிக்கவும் முடியாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி போன் இல்லை, கரண்ட் இல்லை. இருட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு யாரோ "ஏரி உடைஞ்சிடுச்சாம்" என்று கத்தினார்கள். உடையவில்லை. திறந்துவிட்டதுதான், ஊர் முழுக்க உடைப்பாகப் பரவியிருந்தது. அந்தப் பொய்யான 'ஆம்'ஐ நம்பித்தான் என் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் எதிர்வீட்டு சார். விடியும்போது எங்கள் கட்டில்மேல் தண்ணீர் இருந்தது. அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னாலும் என்னால் "அப்படியா?" என்று நகர்ந்துவிட முடிவதில்லை. அவருக்கும் அது தெரியும் என்பதுதான் என் எரிச்சல்.

நேற்று சாயங்காலத்துக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா மாவுதான் போனது. மிச்சம் அண்டாவில் வெளியே. சென்னை வெயிலுக்குக் கேட்க வேண்டுமா? நாலு மணிக்கு மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது, ஐந்து மணிக்கு மேடையில் வழிந்தது. "யாருக்காவது குடுத்துட்டு வாங்க" என்று என் மனைவி ஒரு தூக்கு நிறைய மாவை என் கையில் கொடுத்தாள். 'யாருக்காவது' என்பதில் ஒரு அழுத்தம் இருந்தது.

முதலில் மாடிக்குப் போனேன். அக்கா தூக்கைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நாங்களும்தான் தம்பி, ரெண்டு ஈடு." அவருக்குப் பின்னால் சமையலறை மேடையில் ஒரு குண்டான், மூடிமேல் அம்மிக் குழவி பாரம் வைத்திருந்தது. கோடி வீட்டிலும் மாவு. மூன்றாவது வீட்டில் இட்லி ஊற்றி முடித்து, மிச்சத்தில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கே ஆறு கொடுத்தனுப்பினார்கள். இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். "காலைலேர்ந்து நீங்க ஏழாவது ஆளு சார்" என்றார்.

மறுபடி மாடி ஏறினேன். "அக்கா, போன கோடையில மாவுக்கு ஒண்ணு சொன்னீங்களே, புளிக்காம இருக்க?"

"அதுவா? எனக்கே எதிர்வீட்டு சார் சொன்னதுதான். மறந்தே போச்சு. அவரையே கேளுங்க."

அவர் வீட்டு காலிங் பெல்லை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. சார் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார், கையில் என்னுடையதைவிடப் பெரிய தூக்கு. "உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டு இருந்தேன்" என்றார். என் தூக்கைப் பார்த்தார். நான் அவருடையதைப் பார்த்தேன். மணி ரெண்டையும் பார்த்தது.

"சார், மாவு புளிக்காம இருக்க நீங்க அக்காகிட்ட ஏதோ..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க சார்" என்று குரலைத் தாழ்த்தினார். "நல்லா விசாரிச்சிட்டேன். வியாழக்கிழமைதான் நம்ம ஏரியாவாம்."

நான் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.