ரூன்ஸ்கேப்பில் மூட்டை பத்திரம்!

கேள்வி: 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' ஆட வரும் புதியவர்கள், சேர்த்த பொருளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார்களே, தப்பிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதல் வழி, சேர்த்ததைப் பத்திரப்படுத்த விளையாட்டுக்குள் இருக்கும் வங்கிக்குப் போகும் வழி!

2001-ல் பிரிட்டனில் பிறந்த ரூன்ஸ்கேப் இணைய விளையாட்டின் 2007-ஆம் ஆண்டு வடிவம்தான் 2013-ல் 'ஓல்டு ஸ்கூல்' என்று மறுபிறவி எடுத்தது. அதில் வடக்கே விரிந்து கிடக்கும் 'வில்டர்னஸ்' பகுதியில் அரக்கர்களைவிட ஆபத்தானவர்கள் சக வீரர்கள். அங்கே அவர்கள் கையால் மாண்டால், விலை உயர்ந்த 3 பொருள்கள் மட்டும் மிஞ்சும். வம்பை முதலில் தொடங்கியவர் தலைமேல் மண்டையோட்டுக் குறி விழும். அவருக்கு அந்த 3-ம் கிடையாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய பொருளோடு மட்டும் அங்கே நுழைவதே புத்திசாலித்தனம். வில்டர்னஸின் 20-ஆம் நிலைக்கு மேல், நொடியில் வேறிடம் கொண்டுசேர்க்கும் சாதாரண டெலிபோர்ட் மந்திரங்களும் பலிக்காது, ஓடத்தான் வேண்டும்.

சண்டையில் வாள் வில்லை வெல்லும், வில் மந்திரத்தை வெல்லும், மந்திரம் வாளை வெல்லும். எதிரி யார் என்று பார்த்து ஆயுதம் எடுப்பவருக்குப் பாதி வெற்றி. பிரார்த்தனைத் திறன் 43-ஐ எட்டினால், இந்த மூன்று தாக்குதலுக்கும் தனித்தனிக் காப்பு கைக்கு வந்துவிடும்.

பொறுமையும் தேவை. ஒரு திறனில் 99-ஆம் நிலையைத் தொடத் தேவையான அனுபவப் புள்ளிகள் 1.3 கோடி, அதில் பாதியைத் தாண்டுவதே 92-ஆம் நிலையில்தான்!

"பொற்காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று சந்தையில் கூவுபவரிடம் ஒரு காசும் நீட்ட வேண்டாம். வங்கிக்கு 4 இலக்க ரகசிய எண் வைக்காதவர்கள் இன்றே வைத்துவிடுங்கள்.