சித்தப்பாவின் நோட்டு

பிள்ளையில்லாத பெரியம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. சொத்து எங்கள் நாலு பேருக்கு. உயிலை நிறைவேற்றும் எக்சிகியூட்டர் பொறுப்பு சித்தப்பாவுக்கு. குடும்பத்தில் இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர் அவர் ஒருவர்தான் என்பதே தகுதி.

உயிலை நீதிமன்றம் உறுதிசெய்யும் புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-வது பிரிவு. சித்தப்பா கணக்கு எழுதாமல் இல்லை. எண்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். 'வக்கீலைப் பார்க்க ஆட்டோ, 350.' அடுத்த வரி, 'வக்கீல் இல்லை. திரும்ப ஆட்டோ, 350.' அதற்கடுத்து 'டிபன்'. தொகை இல்லை, தன்னடக்கமாக இருக்கலாம்.

மாம்பலம் வீட்டு மாடி வாடகை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம். கேட்டேன்.

"வீட்டுக்குக் காவல் வேண்டாமாடா? அதான் என் மச்சினனை வச்சிருக்கேன்."

காவலுக்குச் சம்பளம் கேட்காததற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

பெரியம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி? "லாக்கர்ல பத்திரமா இருக்கு." போன மாதக் கல்யாணத்தில் அந்த லாக்கர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

எக்சிகியூட்டரை நீக்க உயர் நீதிமன்றத்துக்கு அதே சட்டத்தின் 301-வது பிரிவு அதிகாரம் தருகிறது. லேசாக ஜாடை காட்டினேன். சித்தப்பா கோபப்படவில்லை.

"தாராளமா போடு. நானும் அண்ணி பணத்துலதான் வக்கீல் வைப்பேன்."

சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து எழுதினார்: 'வாரிசுடன் ஆலோசனை. காபி இரண்டு, 60.'

சித்தி போட்ட காபி.