எலும்புக்கும் உண்டு கஞ்சிப் பதம்

வாடா பேராண்டி. கையில என்னா டப்பா? கால்சியம் மாத்திரையா? ரெண்டு மாடி ஏறினா உனக்கு மூச்சு வாங்குது, இதுல எலும்பை இரும்பாக்கப் போறியா? ஆக்கு, ஆக்கு. இரும்பா ஆனா நல்லதுன்னு யார்ரா சொன்னது?

பிள்ளையார்பாளையத்துத் தெருவுல பாவு நீட்டிக் கஞ்சி போடறதைப் பாத்திருக்கியா? அரிசிக் கஞ்சி ஏறாத பட்டு இழை துவண்டு போவும், தறியில நிக்காது. கஞ்சி மிஞ்சிடுச்சோ, மொடமொடன்னு நின்னு, மிதிச்சதும் பட்டு பட்டுன்னு அறும். உன் எலும்பும் அந்த ஜாதிதான். இழைன்னா கொலாஜன்னு ஒரு புரதம். அதுல ஏறின கஞ்சி, கால்சியமும் பாஸ்பரஸும் சேந்த உப்பு. எடையில மூணுல ரெண்டு பங்கு இந்த உப்புதான். உப்பு பாரம் தாங்கும், இழை வளைஞ்சு குடுக்கும்.

நம்பலியா? ஞாயித்துக்கெழமை தின்ன கோழிக்கால் எலும்பை ஒரு வாரம் வினிகர்ல ஊறப்போடு. உப்பு கரைஞ்சு, வளைச்ச பக்கமெல்லாம் வளையும். இதுக்கு நேர் எதிர் சுடுகாட்டுல. காடாத்து அன்னிக்குப் போயிப் பாரு. நெருப்பு இழையைத் தின்னுட்டு உப்பை மட்டும் விட்டு வெச்சிருக்கும். வெள்ளை வெளேர்னு முழு எலும்பாத்தான் தெரியும். சட்டியில போடலாம்னு ரெண்டு விரலால எடுத்தா பொலபொலன்னு உதுரும். அதுல கால்சியத்துக்கு என்னடா கொறச்சல்? உன் கணக்குப்படி பாத்தா, ஊரிலேயே கெட்டியான ஆளு அந்தச் சட்டியில இருக்கறவருதான்!

1937லயே நம்ம மதராஸ் மாகாணத்துல, நெல்லூர்ப் பக்கம், இன்னொரு கூத்து நடந்ததை டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்க. கெணத்துத் தண்ணியில புளோரைடு மிஞ்சிப் போச்சு. எக்ஸ்ரேயில பாத்தா எலும்பு முன்னையைவிட அடர்த்தி. ஆனா முதுகு குனிய மாட்டேன்னுடுச்சு.

கால்சியம் வேணாம்னா சொன்னேன்? பெரியவங்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் வேணும்னு ஐ.சி.எம்.ஆர். 2020ல சொல்லியிருக்கு. 100 கிராம் கேவுருலயே 350 கிட்ட இருக்குடா. கேவுரு களின்னா நீ மூஞ்சைச் சுளிப்பே. அதையே அழகா டப்பாவுல அடைச்சு 'மில்லட்'னு எழுதினா வரிசையில நிப்பே. சரி, தின்னது ஒடம்புல ஏற வேணாமா? அதுக்கு வைட்டமின் டி வேணும், அதுக்கு வெயில் வேணும். இருட்டு வூட்டுல, குழித்தறியில காலை வுட்டுக்கினு பொழுதெல்லாம் நெஞ்ச எங்க ஆளுங்களுக்குத்தான் அது கெடைக்கல. ஏசியில ஒக்காந்துக்கினு, வெளிய வந்தா மூஞ்சிக்குக் களிம்பு பூசிக்கிற உனக்கு என்னடா கேடு?

இன்னொண்ணு, பளு. விண்வெளியில மெதக்கறவங்களுக்கு இடுப்பெலும்பு மாசத்துக்கு 1 சதவீதத்துக்கு மேலயே கரையுதாம். பாரமே இல்லாத எலும்பு உப்பை எதுக்குப் புடிச்சு வெக்கணும்? வைகாசியில வரதர் கருடசேவைக்குத் தோள் குடுக்கறவங்களைப் பாரு, எத்தினி மாத்திரை தின்னாங்க? அந்தத் தண்டுகிட்ட உன்னை அண்ட வுட மாட்டாங்க. வூட்டுல தண்ணிக் கேனையாவது நீ தூக்கறியா, இல்ல அதையும் உங்கம்மாதான் தூக்கணுமா?