எல்லாம் நல்லெண்ணத்தில்தான்

1947 செப்டம்பர். நாடு இரண்டாகப் பிளந்து ரத்தம் காயாத நேரம். ரலியா ராம் என்ற வியாபாரி அமிர்தசரஸிலிருந்து மீரட்டுக்குத் தங்கமும் வெள்ளியும் விற்க வந்தார். போலீஸுக்குச் சந்தேகம் வந்தது. ஆளைப் பிடித்து, நூறு தோலாவுக்கு மேலிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் பறிமுதல் செய்து ஸ்டேஷனில் வைத்தார்கள். மறுநாள் ஆள் ஜாமீனில் வந்தார், பிறகு வெள்ளியும் வந்தது, தங்கம் மட்டும் வரவில்லை. அதற்குக் காவலாக இருந்த ஏட்டையா சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கே போய்விட்டார்.

அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டது. 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைப் பணி, அதில் ஊழியர் செய்த தவறுக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லை. நியாயம் இடிக்கிறது, இதற்கு ஒரு சட்டம் கொண்டுவாருங்கள் என்று நீதிபதிகளே சொல்லவும் செய்தார்கள். 1967-இல் மசோதா வந்தது, காலாவதியானது. இத்தனைக்கும் நடுவே தடங்கலில்லாமல் நடந்தேறியது ஏட்டையாவின் குடிபெயர்வு ஒன்றுதான்.

இன்றும் சென்னை ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே தோண்டிப்போட்ட பள்ளத்தில் ஒருவர் பைக்கோடு விழுந்தால், மாநகராட்சி குடிநீர் வாரியத்தைக் கை காட்டும், வாரியம் மின்வாரியத்தைக் காட்டும், மின்வாரியம் ஒப்பந்ததாரரைக் காட்டும். கை காட்டவாவது நாலு பேர் இருக்கிறார்கள். அதே ஆளைத் தூக்கிக்கொண்டு போய் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வந்தால் அந்த நாலு கையும் கிடையாது. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்தது.

இங்கே, திரு.வி.க. தொழிற்பேட்டையை ஒட்டிய சந்துகளில், லேத் பட்டறையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு டீக்கடைக்கு வரும் வங்காளப் பையன்களின் மொபைல் கவரைப் பாருங்கள். பின்பக்கம் ஆதார் ஜெராக்ஸ், அதற்குப் பின்னால் வாக்காளர் அட்டை. சாமி படம் வைக்கிற இடம் அது. 2012-இல் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, குடியிருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு போனது. அன்றிலிருந்து நம் ஹவுஸ் ஓனர்கள் சம்பளமில்லாத குடியேற்ற அதிகாரிகள். பத்து மாத அட்வான்ஸ் வாங்குவதால் சம்பளம் தேவைப்படவில்லை.

அந்தப் பையன்கள் ஜெராக்ஸை ஏன் அப்படிக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பதற்கு டெல்லியில் பதில் இருக்கிறது. 2025 ஜூனில் அங்கே ஒரு கர்ப்பிணியைப் போலீஸ் பிடித்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம்தான் என் ஊர் என்றார். சந்தேகம் வந்தால் சொந்த மாநிலத்தில் விசாரிக்க முப்பது நாள் அவகாசம் என்று உள்துறை அமைச்சகமே அதற்கு முந்தைய மாதம் எழுதியிருந்தது. முப்பது நாளெல்லாம் எதற்கு? சில நாட்களில் கணவனோடும் மகனோடும் வங்கதேசத்துக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கே, அத்துமீறி நுழைந்த இந்தியர்கள் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். செப்டம்பரில், அவர்களை வெளியேற்றியதைக் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்து, நான்கு வாரத்தில் கூட்டி வரச் சொன்னது. கூட்டி வரவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார்கள். டிசம்பரில்தான், நிறைமாதத்தில், அந்தப் பெண்ணையும் மகனையும் உள்ளே விட்டார்கள். எந்த அடிப்படையில் தெரியுமா? மனிதாபிமான அடிப்படையில்! பிடித்துத் தள்ளியது சட்ட அடிப்படையாம், திரும்ப விட்டது கருணையாம்.

1946-ஆம் ஆண்டு அந்நியர் சட்டத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்பதாவது பிரிவின்படி, நான் அந்நியன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவனின் வேலை. பதினைந்தாவது பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு செய்த, அல்லது செய்ய நினைத்த எதற்காகவும் யார் மேலும் வழக்குப் போட முடியாது. ஏழைக்கு நிரூபிக்கிற சுமை, அதிகாரிக்கு நினைப்புக்கே பாதுகாப்பு. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்று 2025-இல் அதைத் தூக்கிப் போட்டுப் புதுச்சட்டம் செய்தார்கள். இந்த இரண்டையும் மட்டும் பத்திரமாகப் புது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

டெல்லியைத் திட்டிவிட்டு நாம் டீ குடிக்கப் போகலாம் என்றால், மதுரை வழியில் நிற்கிறது. 2016 மார்ச்சில் திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி அகதிகள் முகாமில் வருகைக் கணக்கெடுப்பு. ஓர் இலங்கைத் தமிழரின் மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதைச் சொல்லி, வந்ததாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வருவாய் ஆய்வாளரிடம் கெஞ்சினார். ஆய்வாளர் மறுத்தார். அந்தத் தகப்பன் உயர் அழுத்த மின்கம்பத்தில் ஏறிச் செத்தார். பதிவேட்டில் பேர் இல்லையென்றால் மாத உதவித்தொகை போகும், முகாம் பதிவே ஆட்டம் காணும். அந்நியரும் குடியேற்றமும் ஒன்றியப் பட்டியல், மாநிலத்துக்குச் சம்பந்தமில்லை என்று மேடையில் முழங்குவோம். ஒன்றிய அதிகாரம் 1958-லேயே மாநிலத்தின் கைக்கு வந்து, மாநிலத்திடமிருந்து கலெக்டர், கியூ பிரிவு போலீஸ், கடைசியில் ஒரு வருவாய் ஆய்வாளரின் பேனா முனை வரை இறங்கியிருக்கிறது. பொறுப்பு மட்டும் அந்தப் படிக்கட்டில் இறங்கவே இல்லை. மேலேயும் இல்லை. 2021-இல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம். பெயர்ப் பலகைக்குப் பெயிண்ட் வாங்கிய செலவுக்கு நிச்சயம் வவுச்சர் இருக்கும்.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை அது. பாஸ்போர்ட் கேட்டார், கிடைக்கவில்லை. 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்ன பிறகு கிடைத்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு குடிமகளை அகதியாக வைத்திருந்ததற்கு யார் சம்பளத்தில் பத்து ரூபாய் பிடித்தார்கள்?

அந்நியர்களை அடைத்து வைக்கும் திருச்சி சிறப்பு முகாம் இன்னும் விசேஷம். மத்தியச் சிறை வளாகத்துக்குள் இருக்கிறது, ஆனால் சிறை இல்லை. அதனால் தண்டனைக் காலமும் இல்லை. சிறைத் தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர், நாட்டுக்கு அனுப்பாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தண்டனைக்குப் பின் ஏறக்குறைய மூன்று வருஷம் சிறப்பு முகாமில் கிடந்தார் என்று அவர் வக்கீல் சொன்னார். இந்தியா என்ன தர்மசத்திரமா என்று கேட்டது நீதிமன்றம். இல்லைதான், எசமான். சத்திரத்தில் படுத்தவன் விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பலாம், யாரும் வெளியே பூட்ட மாட்டார்கள். அந்த மூன்று வருஷத்துக்கான ரசீதை எந்தக் கவுன்ட்டரில் கொடுத்துப் பணம் வாங்குவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.